புகை குறைந்தும் பொருள் வளருமா?

2024 செப்டம்பர் 30-ஆம் தேதி பிரிட்டனில் இரண்டு இடங்களில் நெருப்பு அணைந்தது. நாட்டிங்ஹாம்ஷயரில் இருந்த ராட்கிளிஃப்-ஆன்-சோர் அனல்மின் நிலையம் அன்றோடு மூடப்பட்டது. 1882-ல் லண்டனின் ஹோல்பர்ன் வயடக்டில் நிலக்கரியை எரித்துப் பொதுப் பயன்பாட்டுக்கு மின்சாரம் தரத் தொடங்கிய நாடு, 142 ஆண்டுகள் கழித்து நிலக்கரி மின்சாரத்தை அடியோடு விட்டது. அதே நாளில் வேல்ஸின் போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீல் தன் கடைசி ஊதுலையை நிறுத்தியது. 2,800 வேலைகள் வரை போகும் என்று நிறுவனமே முன்னதாக அறிவித்திருந்தது. இதற்குப் பத்து நாட்களுக்கு முன்புதான், செப்டம்பர் 20-ல், ஒடிசாவின் கலிங்காநகரில் அதே டாடா ஸ்டீல் இந்தியாவின் மிகப் பெரிய ஊதுலையை ஏற்றிவைத்திருந்தது.

பசுங்குடில் வாயுக்களைக் குறைத்துக்கொண்டே ஒரு நாடு பொருளாதாரத்தில் வளர முடியுமா என்ற கேள்விக்குள் இந்த மூன்று நிகழ்ச்சிகளும் அடங்கியிருக்கின்றன. முடியும் என்பதற்கு ராட்கிளிஃப் சாட்சி. அதற்கு யாரோ விலை கொடுக்கிறார்கள் என்பதற்குப் போர்ட் டால்பட் சாட்சி. ஓரிடத்தில் குறையும் புகை வேறோரிடத்தில் எழுகிறதோ என்ற சந்தேகத்தைக் கலிங்காநகர் எழுப்புகிறது. முப்பது ஆண்டுகளாகப் பல நாடுகள் செய்து பார்த்த அனுபவம் இப்போது நம் கையில் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: வளர்ச்சியும் புகையும் பிரியக் கூடியவை. பிரிவது எங்கே நடக்கிறது, எங்கே தடைப்படுகிறது என்பதை உச்சிமாநாட்டு இலக்குகளைவிட வட்டி விகிதமும், மின்வழித்தடமும், மின்வாரியத்தின் கணக்குப் புத்தகமும் தீர்மானிக்கின்றன.

இந்தக் கேள்வியை அணுக ஜப்பானியப் பொருளியலாளர் யோயிச்சி காயா வகுத்த சமன்பாடு இன்றும் உதவுகிறது. ஒரு நாட்டின் கரியமில வாயு உமிழ்வு நான்கு எண்களின் பெருக்கல்: மக்கள்தொகை, தலைக்கு வருமானம், ஒரு ரூபாய் வருமானத்துக்குச் செலவாகும் ஆற்றல், ஓர் அலகு ஆற்றலுக்கு வெளியாகும் கரியமில வாயு. முதல் எண்ணை அரசாணை போட்டுக் குறைக்க முடியாது; குறைக்க முயல்வதும் அறமாகாது. இரண்டாவதைக் குறைக்கச் சொல்லி ஏழை நாட்டிடம் யாரும் கேட்க முடியாது. ஆக, மிஞ்சுவது கடைசி இரண்டும்தான். உலகம் முழுவதும் ஆற்றல் சிக்கனம் ஆண்டுக்கு ஒன்றரை, இரண்டு சதவீதம் என்ற அளவில் கூடிக்கொண்டிருக்க, பொருளாதாரம் மூன்று சதவீதம் வளர்கிறது. வளர்ச்சி முன்னே ஓடுகிறது, சிக்கனம் பின்னால் மூச்சிரைக்க வருகிறது. 2023-ல் துபாய் காலநிலை மாநாட்டில் கூடிய நாடுகள் சிக்கனத்தின் வேகத்தை 2030-க்குள் இரட்டிப்பாக்கி 4 சதவீதத்துக்கும் மேல் கொண்டுபோவதாக ஒப்புக்கொண்டது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வருமானத்தைவிட மெதுவாக உமிழ்வு ஏறுவது ஒன்று. வருமானம் ஏற, உமிழ்வு இறங்குவது வேறொன்று. இந்தியாவில் நடந்திருப்பது முதல் வகை. 2005-க்கும் 2020-க்கும் இடையில் நம் உற்பத்தி மதிப்பில் ஒவ்வொரு ரூபாய்க்குமான உமிழ்வு 36 சதவீதம் குறைந்தது. ஆனால் மொத்த உமிழ்வு கூடிக்கொண்டேதான் போகிறது. வளிமண்டலத்துக்குத் தெரிந்தது மொத்தக் கணக்கு மட்டுமே.

இரண்டாம் வகைக்கு மிகவும் பேசப்படும் உதாரணம் பிரிட்டன். 1990-க்கும் 2022-க்கும் இடையில் அந்நாட்டின் உமிழ்வு ஏறக்குறைய பாதியானது. பொருளாதாரம் முக்கால் பங்குக்கு மேல் வளர்ந்தது. இது எப்படி நடந்தது என்று பார்த்தால், சுற்றுச்சூழல் அக்கறைக்கும் தொடக்கத்துக்கும் அதிகத் தொடர்பில்லை. 1990-களில் வடகடல் எரிவாயு மலிவாகக் கிடைத்ததால் மின் நிறுவனங்கள் நிலக்கரியிலிருந்து அதற்குத் தாவின. அக்கறை சட்டமானது 2008-ல்தான். அந்த ஆண்டின் காலநிலை மாற்றச் சட்டம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை உமிழ்வுக்கு வரம்பு கட்டி, அரசு அதை மீறுகிறதா என்று பார்க்கத் தனிக் குழுவையும் நியமித்தது. 2013-ல் மின் உற்பத்தியில் வெளியாகும் கரியமில வாயுவுக்குக் கீழ்வரம்பு விலை வந்தது. 2015-ல் அதற்கென வசூலித்த வரி டன்னுக்கு 18 பவுண்டு அளவுக்கு உயர்ந்ததும் நிலக்கரி நிலையங்களின் லாபக் கணக்கு புரண்டுவிட்டது. 2012-ல் பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் அது பூஜ்யமானது.

கடல் காற்றாலைகளின் கதை இன்னும் கூர்ந்து பார்க்கத் தக்கது. பிரிட்டன் அரசு காற்றாலைக்காரர்களுக்கு மானியத்தை அள்ளிக் கொடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு நிலையான விலை என்ற உறுதியைக் கொடுத்தது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் அரசு அமைப்பு ஈடு செய்யும். மேலே போனால் காற்றாலைக்காரர் திருப்பித் தர வேண்டும். வருமானம் உறுதியானதால் வங்கிகள் குறைந்த வட்டிக்குக் கடன் தந்தன. 2015 ஏலத்தில் மெகாவாட்-மணிக்கு 114 முதல் 120 பவுண்டு வரை கேட்ட கடல் காற்றாலைகள், 2019-ல் 40 பவுண்டு அளவுக்கு இறங்கி வந்தன. எந்திரம் பெரிதானது ஒரு காரணம். பணம் மலிவானது அதற்குச் சமமான காரணம். பிறகு வட்டி ஏறியது, எஃகின் விலையும் ஏறியது. 2023 ஏலத்தில் அரசு நிர்ணயித்த உச்சவரம்பு விலைக்குக் கட்டித் தர ஒரு கடல் காற்றாலைக்காரரும் முன்வரவில்லை. வடகடலின் காற்று அப்படியேதான் இருந்தது.

பிரிட்டன் தன் புகையைச் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் ஏற்றுமதி செய்துவிட்டது என்பது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. அங்கே மூடிய ஆலைகளின் பொருள்கள் இன்று கப்பலில் வருகின்றன. அவற்றின் உமிழ்வு உற்பத்தி நடக்கும் நாட்டின் கணக்கில் விழுகிறது. நுகர்வைக் கொண்டு கணக்கிட்டால் பிரிட்டனின் சரிவு குறைவாகவே தெரியும். ஆனாலும் சரிவு சரிவுதான். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2022-ல் வெளியிட்ட அறிக்கை, குறைந்தது 18 நாடுகள் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து உமிழ்வைக் குறைத்திருப்பதாகப் பதிவு செய்தது. இறக்குமதிப் பொருள்களின் கரியமில வாயுவைச் சேர்த்துக் கணக்கிட்டும் அந்தச் சரிவு நிற்கிறது. மின்சாரத்தின் பெரும்பகுதி உள்நாட்டிலேயே உற்பத்தியாகிறது; அந்தத் துறையில்தான் நிலக்கரி நிலையங்கள் மூடப்பட்டன. அந்தப் புகையில் பெரும்பகுதி வேறெங்கும் போகவில்லை, இல்லாமல் போயிற்று.

கரியமில வாயுவுக்கு வரி போடுவதே நேர்வழி என்று பொருளியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அதைச் செய்து காட்டிய நாடு ஸ்வீடன். 1991-ல் டன்னுக்கு 250 குரோனர் என்று தொடங்கிய வரி இன்று 1,200 குரோனரைத் தாண்டி நிற்கிறது. இந்தக் காலத்தில் பொருளாதாரம் முக்கால் பங்குக்கு மேல் வளர்ந்தது. உமிழ்வு கால் பங்குக்கு மேல் குறைந்தது. இதைச் சொல்லும்போது கூடவே சொல்ல வேண்டிய சில விஷயங்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. கரி வரி வந்த அதே சீர்திருத்தத்தில் வருமான வரி குறைக்கப்பட்டது. தொழிற்சாலைகளுக்கு முதலில் குறைந்த விகிதம் வைத்து, கால் நூற்றாண்டு கழித்தே எல்லோருக்கும் ஒரே விகிதமாக்கினார்கள். மேலும், ஸ்வீடனின் மின்சாரம் ஏற்கெனவே அருவிகளிலிருந்தும் அணு உலைகளிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. வீடுகளுக்கு வெந்நீர் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு நகரங்களில் இருந்தது. எண்ணெய் விலை ஏறியதும் அந்தக் கொதிகலன்களில் மரக்கழிவைப் போட்டு எரித்தார்கள். மாற்று பக்கத்திலேயே இருந்ததால் வரி வேலை செய்தது.

மாற்று இல்லாதவர்மீது வரி விழுந்தால் என்ன ஆகும் என்பதை 2018 நவம்பரில் பிரான்ஸ் கண்டது. டீசல் வரி ஏறியபோது, பேருந்து வராத சிற்றூர்களில் காரை நம்பிப் பிழைத்தவர்கள் மஞ்சள் அங்கி அணிந்து சாலைச் சந்திப்புகளை மறித்தார்கள், அரசு பின்வாங்கியது. ஆஸ்திரேலியா 2012 ஜூலையில் கொண்டுவந்த கரி விலையை 2014 ஜூலையில் நீக்கியது. கனடா வசூலித்த பணத்தின் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பித் தந்தது. அப்படியும் மக்களின் நம்பிக்கையைப் பெற முடியாமல் 2025 ஏப்ரலில் நுகர்வோருக்கான கரிக் கட்டணத்தைக் கைவிட்டது. வரி கண்ணுக்குத் தெரிகிறது, திரும்பி வரும் பணம் தெரிவதில்லை. இந்தத் தோல்விகளைப் பார்த்து, வரி தவறு என்று நான் சொல்லமாட்டேன். பேருந்தும் மின்சார வண்டியும் வருமுன் வரி வந்தது தவறு என்று சொல்வேன்.

உலகக் கணக்கில் இதுவரை நடந்த மிகப் பெரிய மாற்றம் வரியால் வரவில்லை; விலைச் சரிவால் வந்தது. ஜெர்மனி 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் சூரிய மின்சாரத்தை இருபது ஆண்டுகளுக்கு உயர்ந்த விலைக்கு வாங்குவதாக உறுதியளித்தது. அந்தச் செலவை ஜெர்மன் குடும்பங்கள் தங்கள் மின்கட்டணத்தில் சுமந்தன. அந்தச் சந்தையை நம்பிச் சீனா தொழிற்சாலைகளைக் கட்டியது. 2010-களின் பத்தாண்டில் சூரியத் தகடுகளின் விலை ஏறக்குறைய 90 சதவீதம் வீழ்ந்தது. லித்தியம் மின்கலத் தொகுப்பும் அதே வழியில் போனது: 2010-ல் ஒரு யூனிட் சேமிக்கும் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது, 2024-ல் 115 டாலர் அளவுக்கு வந்தது. ஜெர்மன் குடிமக்கள் கொடுத்த கூடுதல் கட்டணம்தான் இன்று ராமநாதபுரத்திலும் ராஜஸ்தானிலும் தகடுகள் மலிவாகக் கிடைக்க முதல் படி போட்டது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

சீனாவின் நிலை சிக்கலானது. 2023 ஒரே ஆண்டில் அந்நாடு ஏறக்குறைய 217 கிகாவாட் சூரிய மின்திறனை நிறுவியது. இந்தியா அதுவரை நிறுவியிருந்த மொத்தத்தைப்போல் அது மூன்று மடங்கு. உலகின் நிலக்கரியில் பாதிக்கு மேல் எரிப்பதும் அதே சீனாதான். புதியதை எவ்வளவு வேகமாகக் கட்டினாலும், பழையதை இறக்குவதற்குத் தனியாக ஒரு முடிவு தேவைப்படுகிறது என்பதை அங்கே பார்க்கிறோம்.

இனி இந்தியா. தலைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு நம் பங்கு. உலகச் சராசரி இதைப்போல் இரு மடங்குக்கு மேல். அமெரிக்கருடையது ஏழு மடங்கு. வளர்ச்சியையே நிறுத்திவிட வேண்டும் என்று மேலைநாட்டில் சில அறிஞர்கள் வாதிடுகிறார்கள். பணக்கார நாடுகளின் வீண் நுகர்வைப் பற்றி அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெயில் காலத்தில் மின்விசிறிகூட ஓடாத வீட்டுக்கு அந்த வாதத்தைக் கொண்டுபோக முடியாது. சிக்கனத்தை நம்பக் கூடாது என்றும் ஒரு வாதம் உண்டு: இயந்திரம் சிக்கனமானால் நிலக்கரிப் பயன்பாடு கூடத்தான் செய்யும் என்று 1865-லேயே ஆங்கிலப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் எச்சரித்தார். இந்தியாவின் எல்.இ.டி. விளக்குத் திட்டத்துக்கும் இதைச் சொல்லலாம். 2014-ல் 310 ரூபாய்க்கு அரசு நிறுவனம் கொள்முதல் செய்த விளக்கு, மொத்தமாக ஏலம் விட்டதால் 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் விநியோகமாயின. விளக்கு மலிவானதால் ஒரு வீட்டில் இரண்டாவது விளக்கும் எரிந்திருக்கும். பிள்ளை படிக்கும் அறையில் எரிந்த அந்த வெளிச்சத்தை நான் நஷ்டக் கணக்கில் எழுதமாட்டேன்.

2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பிரதமர், 2070-க்குள் இந்தியா நிகர பூஜ்ய உமிழ்வை எட்டும் என்று அறிவித்தார். 2030-க்குள் மின்நிறுவுதிறனில் பாதி புதைபடிவ எரிபொருளைச் சாராததாக இருக்கும் என்ற வாக்குறுதி 2025-லேயே நிறைவேறிவிட்டது. இதில் மகிழ்ச்சியடைய இடமுண்டு, மயங்க இடமில்லை. நிறுவுதிறனில் பாதி என்றால் மின்சாரத்தில் பாதி என்று பொருளாகாது. சூரியத் தகடு இரவில் உறங்கும். நாம் உண்மையில் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. நிலக்கரி மின்நிலையத்தோடு நிற்பதும் இல்லை. ரயில்வே சுமக்கும் சரக்கின் எடையில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. அந்தச் சரக்குக் கட்டண வருமானத்தைக் கொண்டுதான் சாதாரணப் பயணியின் டிக்கெட் விலை தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா அரசுகளின் கருவூலத்தில் சுரங்க உரிமத் தொகை பெரும் பங்கு. நிலக்கரியைக் கைவிடும் திட்டம் எதுவும் ரயில் டிக்கெட்டையும் மாநிலக் கருவூலத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இந்தியா கரி வரி போட்ட நாடுகளில் ஒன்று என்பது பலருக்கு நினைவில் இல்லை. 2010-ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தூய்மை ஆற்றல் தீர்வை தொடங்கியது. 2016-க்குள் 400 ரூபாயானது. தூய ஆற்றலுக்கென்று தனி நிதியும் இருந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வை மாநிலங்களுக்கு இழப்பீடு தரும் செஸ்ஸாக மாறியது. தூய ஆற்றலுக்கான பணம் வேறு பள்ளத்தை நிரப்பப் போனது. 2025 செப்டம்பரில் செஸ்ஸும் நீங்கி, நிலக்கரி மீதான ஜி.எஸ்.டி. 5-லிருந்து 18 சதவீதமானது. டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று புகைக்கு வைத்த விலை, வெறும் விற்பனை வரியாகக் கரைந்துவிட்டது. நல்ல கருவி ஒன்றை நாமே கை நழுவ விட்டோம் என்பது என் வருத்தம்.

சூரிய மின்சாரத்தின் விலை இந்தியாவில் விழுந்த வேகம் வியப்பானது. 2010-ல் முதல் தேசிய ஏலத்தில் யூனிட் 11, 12 ரூபாய். 2017-ல் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு. இந்த விலை எதனால் ஆனது என்று பிரித்துப் பார்த்தால்தான் வட்டியின் கதை புரியும். வாடகை வீட்டில் இருப்பவர் மாதாமாதம் கொடுத்துக்கொண்டே இருப்பார். சொந்த வீடு கட்டுபவர் எல்லாப் பணத்தையும் முதலிலேயே போட்டுவிட்டு வங்கிக்குத் தவணை கட்டுவார். அனல்மின் நிலையம் முதல் வகை, அதன் செலவில் பெரும்பகுதி ஆண்டுதோறும் வாங்கும் எரிபொருள். சூரியனும் காற்றும் இரண்டாம் வகை.

ஒரு மெகாவாட் சூரிய நிலையத்துக்கு 4 கோடி ரூபாய் ஆகிறது, அது ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலீடு முழுவதையும் 25 ஆண்டுச் சமத் தவணையில் 5 சதவீத வட்டிக்குத் திருப்பினால், யூனிட்டுக்கு முதலீட்டுச் செலவு 1 ரூபாய் 77 காசு. அதே நிலையம், அதே வெயில், வட்டி மட்டும் 10 சதவீதம் என்றால் 2 ரூபாய் 75 காசு. ஏறக்குறைய ஒரு ரூபாய் வித்தியாசம் வெயிலில் இல்லை, தகட்டில் இல்லை, கடன் தருபவரின் அச்சத்தில் இருக்கிறது. ஏழை நாடுகளில் அந்த அச்சம் அதிகம். அதனால் வட்டியும் அதிகம். சூரியன் கொட்டிக் கிடக்கும் நாடுகள் அதைப் பயன்படுத்த அதிக விலை தருகின்றன. ஏழை நாடுகளுக்குக் காலநிலை நிதியாக ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று 2009-ல் கோபன்ஹேகன் மாநாட்டில் பணக்கார நாடுகள் சொன்னதற்கு 2020 கெடு. கெடு தாண்டி இரண்டு ஆண்டு கழித்தே அந்தத் தொகை எட்டப்பட்டது. அதிலும் பெரும்பகுதி கடனாகவே வந்தது. 2024-ல் பாக்கு மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானபோது, அது போதாது என்று இந்தியப் பிரதிநிதி மன்றத்திலேயே எதிர்த்துப் பேசினார். அந்த எதிர்ப்பு நியாயமானது.

தமிழ்நாட்டுக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் கேள்வியின் எல்லா முடிச்சுகளும் இங்கே ஒரே இடத்தில் விழுந்திருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்று கணவாய்கள் திறந்திருக்கும் இடங்களில் தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டு வருகிறது. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைகள், முப்பந்தலிலும் கயத்தாறிலும் உடுமலையிலும் பரவி இன்று 11,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கின்றன. நீண்ட காலம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தோம். இப்போது குஜராத் முந்திவிட்டது.

இவற்றை நிறுவியவர்களில் பெரும்பாலோர் காலநிலைக்காக நிறுவவில்லை. கோவை, திருப்பூர், ராஜபாளையம் நூற்பாலைக்காரர்களுக்கு மின்கட்டணம் பெரிய சுமை. காற்றாலையில் போட்ட முதலீட்டின் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு சலுகை தந்தது. முப்பந்தலில் சுற்றும் காற்றாலையின் மின்சாரத்தை மாநில மின்வாரியத்தின் கம்பி வழியே கோவை ஆலைக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. ஆடிக்காற்றில் மிஞ்சியதை வாரியத்திடம் ஒப்படைத்துவிட்டு, காற்றில்லாத மாதங்களில் திரும்ப எடுத்துக்கொள்ளும் பேங்கிங் முறையும் வந்தது. புகையைக் குறைத்த முதலீடு ஆலையின் போட்டித் திறனைக் கூட்டியது. வளர்ச்சியும் தூய்மையும் கைகோத்துப் போக முடியும் என்பதற்கு ஐரோப்பாவைத் தேடிப் போக வேண்டியதில்லை.

முடிச்சு விழுந்த இடம் வாரியம். நூற்பாலை தரும் உயர்ந்த கட்டணத்தைக் கொண்டுதான் வாரியம் வீடுகளுக்கான சலுகையையும், இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய பம்புசெட்டுகளின் இலவச மின்சாரத்தையும் தாங்கி வந்தது. ஆலைகள் சொந்தக் காற்றாலைக்குப் போனபோது வாரியம் தன் நல்ல வாடிக்கையாளர்களை இழந்தது. மே முதல் செப்டம்பர் வரை வந்து குவியும் காற்று மின்சாரத்தை ஏற்கவும் வேண்டும், மாலையில் காற்று தணிந்தால் ஈடுகட்டவும் வேண்டும். கடன் ஏறியது, ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. கடனில் மூழ்கிய வாரியத்தால் துணை மின்நிலையங்களையும் உயரழுத்தப் பாதைகளையும் வேகமாகக் கட்ட முடியவில்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே ஊரெல்லாம் மணிக்கணக்கில் இருட்டில் கிடந்த அதே பருவத்தில், கம்பியில் இடமில்லாததால் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன நாட்களும் இருந்தன. காற்றாலைக்காரர்களுக்குத் தர வேண்டிய பணம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. நிலுவையைப் பார்த்த வங்கிகள் அடுத்த திட்டத்துக்குக் கூடுதல் வட்டி கேட்டன.

தூய மின்சாரம் பெருகப் பெருக வாரியம் நலிகிறது. வாரியம் நலிய நலியத் தூய மின்சாரத்துக்குப் பாதை அடைபடுகிறது. இந்தச் சுழலை உடைக்காமல் எத்தனை இலக்கு வைத்தாலும் பயனில்லை. இலவச மின்சாரத்தைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் விலையை ஆலைகளின் தலையில் கட்டாமல் அரசு தன் வரவு-செலவுத் திட்டத்திலிருந்து முழுமையாகவும் உரிய காலத்திலும் வாரியத்துக்குத் தர வேண்டும். பகல் வெயிலில் ஓடும் பம்புசெட்டுக்கு அருகிலேயே சிறு சூரிய நிலையம் அமைந்தால் அந்தச் செலவும் குறையும்.

கட்டமைப்பு வந்தபோது என்ன நடக்கும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 6,000 மெகாவாட் சுமக்கும் உயரழுத்த நேர்மின் பாதை 2021-ல் முழுமையடைந்தது. வடக்கின் அனல் மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவரப் போட்ட பாதை அது. காற்றுப் பருவத்தில் தெற்கின் மிகையை வடக்கே அனுப்பவும் ஏற்ற வகையில் வடிவமைக்கப்பட்டது. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் நெடுநாளாகக் கட்டப்பட்டு வருகிறது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கும் இத்தகைய நிலையங்கள் இன்னும் வேகமாக வர வேண்டும். முப்பந்தல் போன்ற காற்று வளம் கொழிக்கும் இடங்களை முப்பது ஆண்டுப் பழைய 225, 250 கிலோவாட் சிறு எந்திரங்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே இன்றைய மூன்று மெகாவாட் எந்திரம் ஒன்று வந்தால் பன்னிரண்டு பழையவற்றின் திறனை அது ஒன்றே தரும். 2024-ல் மாநில அரசு இதற்கெனக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. சிறு உரிமையாளர்கள் பலர் சேர்ந்து ஒரே எந்திரத்தில் பங்குதாரராகும் வழியைக் கட்டண விதிகள் எளிதாக்கினால்தான் அது நடைமுறைக்கு வரும்.

மின்சாரத்தைத் தாண்டினால் பாதை கரடுமுரடாகிறது. ஊதுலையில் நிலக்கரி எரிபொருள் மட்டும் இல்லை. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிப்பதும் அதுதான். ஒரு டன் எஃகுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது. போர்ட் டால்பட்டில் பழைய எஃகுத் துண்டுகளை உருக்கும் மின்வில் உலை வரப்போகிறது. தலைமுறை தலைமுறையாக எஃகைக் குவித்து வைத்திருக்கும் நாட்டுக்கு அது பொருந்தும். இனிமேல்தான் பாலங்களும் வீடுகளும் கட்டப்போகும் இந்தியாவில் அவ்வளவு பழைய இரும்பு ஏது? கலிங்காநகரின் ஊதுலை எழுந்ததற்கு இது நேர்மையான காரணம். நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு தாதுவை இரும்பாக்கும் முறையை ஸ்வீடனின் ஹைப்ரிட் திட்டம் 2021-லேயே செய்து காட்டிவிட்டது. விலைதான் எட்டவில்லை. ஆனால் ஒருமுறை ஏற்றிய ஊதுலை பல பத்தாண்டுகள் எரியும். ஐரோப்பிய ஒன்றியமோ எஃகு, சிமெண்ட், அலுமினியம் முதலியவற்றுக்கு எல்லையில் கரிக் கட்டணம் விதிக்கும் ஏற்பாட்டை 2026 ஜனவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஏழை நாட்டின் ஏற்றுமதியிலிருந்து வசூலிக்கும் அந்தப் பணத்தை ஐரோப்பாவே வைத்துக்கொள்வது நியாயமில்லை. நாம் நம் நாட்டிலேயே கரிக்கு விலை வைத்து வசூலித்தால், அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ள அதே விதி இடம் தருகிறது. 2016-ல் 400 ரூபாயாக இருந்த தீர்வை தொடர்ந்து வளர்ந்திருந்தால் என்ற எண்ணம் இங்கே திரும்ப வருகிறது.

சிமெண்ட் இன்னும் பிடிவாதமானது. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டாலே அதற்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறும். எந்த எரிபொருளைப் போட்டாலும் இது மாறாது. சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புத் தூளையும் கலந்து, சுட வேண்டிய சுண்ணாம்புக் கல்லின் பங்கையே ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும் புதிய வகைச் சிமெண்டை சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு சென்னை, டெல்லி, மும்பை ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து ஆராய்ந்திருக்கின்றன. உமிழ்வு 40 சதவீதம் வரை குறையும். பொதுப்பணித் துறையின் ஒப்பந்த விதிகளில் இதற்கு இடம் கிடைத்தால் அரியலூரின் ஆலைகளுக்கு அதுவே சந்தை.

வயலில் வழி எளிது. நெல் வயலில் தண்ணீர் தொடர்ந்து நின்றால் மண்ணுக்குள் காற்றுப் புகாமல் மீத்தேன் உண்டாகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் கணிசமாகக் குறைகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது, விளைச்சல் குறைவதில்லை. செம்மை நெல் சாகுபடியில் நம் விவசாயிகள் இதைச் செய்து பார்த்தவர்கள்தான். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டுமே ஒருவர் வயலைத் துணிந்து காயவிடுவார். அதனால் இது வேளாண் அலுவலரின் அறிவுரையைவிடப் நீர்வளத் துறையின் மதகைப் பொறுத்த விஷயம்.

கடைசியாக, வேலை இழப்பவர்கள். பிரிட்டனில் 1984 மார்ச் முதல் ஓராண்டு நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டபின், சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அந்த ஊர்கள் நாற்பது ஆண்டுகளாகியும் முழுதாக எழவில்லை. அந்த மூடலுக்குக் காலநிலை காரணமில்லை. ஆனால் மூடப்பட்ட முறை, பின்னால் வந்த ஒவ்வொரு மூடலையும் சந்தேகத்தோடு பார்க்க மக்களைப் பழக்கியது. ஜெர்மனியின் ரூர் பகுதி வேறு வழியில் போனது. 2007-ல் அரசும் நிறுவனமும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து, 2018-க்குள் கருநிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதென்று முடிவு செய்தன. பதினோரு ஆண்டு அவகாசம், முன்கூட்டிய ஓய்வூதியம், மாற்றுப் பயிற்சி எல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தன. 2018 டிசம்பரில் பாட்ரோப்பில் கடைசிச் சுரங்கம் மூடியபோது தெருவில் நின்றவர் இல்லை. செலவு பெரிது. ஆனால் அடுத்து பழுப்பு நிலக்கரி உட்பட எல்லா நிலக்கரி மின்சாரத்தையும் 2038-க்குள் கைவிடும் சட்டத்தை அந்நாடு கொண்டுவர முடிந்ததற்கு அந்தச் செலவு ஒரு முக்கியக் காரணம். அந்தச் சட்டத்தோடு சுரங்கப் பகுதிகளுக்கென 4,000 கோடி யூரோ ஒதுக்கினார்கள்.

நெய்வேலியில் 1960-களில் சோவியத் உதவியோடு எழுந்த 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. பக்கத்திலேயே புதிய நிலையம் எழுந்திருந்ததால் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு இடம் இருந்தது. இனி மூடப்போகும் நிலையங்களுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்காது. ஒப்பந்தத் தொழிலாளர்கள், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள், வாசலில் டீக்கடை வைத்திருப்பவர்கள் யாருடைய பெயரும் மூடல் உத்தரவில் வருவதில்லை. 2015-ல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டத்தின்படி ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் கனிம அறக்கட்டளை இருக்கிறது. நிலக்கரி, பழுப்பு நிலக்கரி எடுக்கும் நிறுவனங்கள் அதற்குப் பணம் கட்டுகின்றன. பாதிக்கப்பட்ட மக்களுக்குத்தான் அது செலவாக வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நெய்வேலி உள்ள கடலூரிலும், நிலக்கரிப் பகுதிகளான தன்பாத்திலும் தால்ச்சேரிலும் சிங்ரௌலியிலும் அந்தப் பணத்தில் ஒரு பங்கை, மூடும் நாளுக்குப் பத்தாண்டு முன்பிருந்தே ஒப்பந்தத் தொழிலாளரின் மறுபயிற்சிக்கும் ஓய்வூதியத்துக்கும் என்று தனியே எடுத்துவைக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தொழிற்சங்கங்களை அழைத்து உட்காரவைத்து, எந்த நிலையம் எந்த ஆண்டு மூடும் என்ற அட்டவணையை முதலில் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.